மறுமணம், தத்து, இறந்த அப்பாவின் பென்சன்: பிள்ளையின் பணம் போகாமல் பார்த்துக்கொள்வது எப்படி

கணவனை இழந்த ஒரு பெண் மறுமணம் செய்துகொள்கிறாள். வந்தவர் நல்ல மனிதர். கொஞ்ச நாள் போனதும், "பாப்பாவைச் சட்டப்படி என் பிள்ளையாகவே எழுதிக்கொள்கிறேன்" என்கிறார். வீட்டில் எல்லோருக்கும் சந்தோஷம். இறந்துபோன அப்பா வேலை பார்த்த இடத்திலிருந்து அந்தப் பிள்ளைக்கு மாதாமாதம் வருகிற பணம் இனி என்னாகும் என்று அந்தச் சமயத்தில் யாரும் கேட்பதில்லை. தத்துப் பத்திரம் பதிவான பிறகு கேட்டால் பல வழிகள் அடைபட்டிருக்கும். முன்பே கேட்டால் பெரும்பாலானதைக் காப்பாற்றலாம். அதற்காகத்தான் இதை எழுதுகிறேன்.

நான் சேலத்தில் ஒரு நூற்பாலையின் டைம் ஆபீஸில் பி.எஃப். (வருங்கால வைப்பு நிதி), இ.எஸ்.ஐ. (தொழிலாளர் அரசுக் காப்பீடு) வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். பணியில் இருக்கும்போதே இறந்துபோன தொழிலாளர்களின் குடும்பங்களுக்குப் படிவம் நிரப்பிக் கொடுப்பது என் வேலைகளில் ஒன்று. ஆலை வேலை முடிந்தாலும் அந்த வேலை முடியவில்லை. இப்போதும் அம்மாப்பேட்டையில் எங்கள் வீட்டுத் திண்ணைக்குப் பாஸ்புக்கையும் பி.பி.ஓ. என்கிற பென்சன் ஆணைத் தாளையும் மஞ்சப்பையில் போட்டுக்கொண்டு பெண்கள் வருகிறார்கள். சமீபமாக அடிக்கடி கேட்கிற கேள்வி இதுதான்: "அக்கா, அவரு பாப்பாவைத் தத்து எடுத்துக்கறேன்னு சொல்றாரு. எடுத்தா அவங்கப்பா பென்சன் நின்னுடுங்களா?"

இதற்கு ஒரே வார்த்தையில் பதில் சொல்கிறவரை நம்பாதீர்கள். பணம் எங்கிருந்து வருகிறது என்பதைப் பொறுத்துப் பதில் மாறும்.

முதலில், மறுமணம் வேறு, தத்து வேறு

பலர் இந்த இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொள்கிறார்கள். மறுமணம் அம்மாவின் பென்சனைத் தொடும். தத்து பிள்ளையின் உரிமையைத் தொடும். முதலாவது நடந்தாலே இரண்டாவது நடந்ததாக ஆகாது. புது அப்பா பிள்ளையைத் தோளில் தூக்கி வளர்க்கலாம், பள்ளிக்கூடத்தில் கையெழுத்துப் போடலாம், ஊரெல்லாம் அப்பா என்றே சொல்லலாம். தத்துப் பத்திரமோ ஆணையோ இல்லாதவரை சட்டத்தின் கண்ணில் அவர் மாற்றாந்தந்தைதான். பிள்ளை இறந்தவரின் பிள்ளைதான்.

தனியார் ஆலை, கம்பெனி, எஸ்டேட் தொழிலாளி குடும்பங்களுக்கு வருவது 1995ஆம் ஆண்டு தொழிலாளர் ஓய்வூதியத் திட்டத்தின் பென்சன். இ.பி.எஸ். என்பார்கள். இதில் மனைவிக்கு விதவைப் பென்சன் உண்டு. அதில் 25 சதவீதம் ஒவ்வொரு பிள்ளைக்கும் தனியாக வரும். ஒரே நேரத்தில் இரண்டு பிள்ளைகளுக்குத்தான் தருவார்கள். மூத்ததற்கு 25 வயது முடிந்தால் அடுத்தது உள்ளே வரும். விதவைப் பென்சன் குறைந்தது 1,000 ரூபாய், பிள்ளைக்குக் குறைந்தது 250 ரூபாய்.

அம்மா மறுமணம் செய்தால் அவள் பென்சன் அன்றோடு நிற்கும். இது வரை எல்லோருக்கும் தெரியும். அதற்குப் பிறகு நடப்பதுதான் பலருக்கும் தெரியாது. பிள்ளையின் பங்கு 25 சதவீதத்திலிருந்து 75 சதவீதமாக உயர வேண்டும். அநாதைப் பென்சன் என்று அதற்குப் பெயர். அம்மா உயிரோடு இருக்கும்போது இந்தப் பெயரைக் கேட்டால் வயிறு எரியும். ஆனாலும் அந்தப் படிவத்தில் அந்தப் பெயரைத்தான் எழுத வேண்டும். குறைந்தபட்சம் 750 ரூபாய்.

கணக்குப் போட்டுப் பாருங்கள். விதவைப் பென்சன் 2,400 ரூபாய், பிள்ளைகள் இரண்டு என்று வையுங்கள். மறுமணத்துக்கு முன் 2,400, கூடவே 600, இன்னொரு 600. மொத்தம் 3,600. மறுமணத்துக்குப் பின் ஒவ்வொரு பிள்ளைக்கும் 1,800. மொத்தம் அதே 3,600. இரண்டு பிள்ளை உள்ள வீட்டுக்கு ஒரு ரூபாய்கூடக் குறையவில்லை! ஒரே பிள்ளை என்றால் 3,000 வந்த இடத்தில் 1,800 வரும். அது இழப்புதான். ஆனால் ஊரில் பயப்படுகிற மாதிரி எல்லாம் போய்விடுவதில்லை.

இந்தக் கணக்குத் தெரியாததால்தான் எத்தனையோ பெண்கள் கோயிலில் தாலி கட்டிக்கொண்டு, பதிவும் செய்யாமல், பென்சன் தொடர வருடாவருடம் தரும் ஆயுள் சான்றில் 'மறுமணம் ஆகவில்லை' என்றே கொடுத்துக்கொண்டு பயந்து பயந்து வாழ்கிறார்கள். எனக்கு இதைப் பார்க்கவே பொறுக்காது. டிஜிட்டல் ஆயுள் சான்று எடுக்கும்போதும் மறுமணம் பற்றிய கேள்வி வரும். பொய் சொன்னால் பின்னால் வாங்கிய பணத்தைத் திருப்பிக் கேட்பார்கள். அதைவிடக் கொடுமை, பிள்ளைக்கு உயர வேண்டிய பங்கு உயராமலேயே கிடக்கும். தமிழ்நாட்டில் எந்தத் திருமணத்தையும் 90 நாளுக்குள் பதிவு செய்ய வேண்டும் என்று 2009ஆம் ஆண்டுச் சட்டம் சொல்கிறது. பதிவு செய்யுங்கள், சான்றிதழின் நகலோடு பி.எஃப். அலுவலகத்துக்கு எழுதிக் கொடுங்கள், பிள்ளை பெயரில் பென்சன் கேட்கும் 10டி படிவம் போடுங்கள். விதவை மறுமணத்துக்கு டாக்டர் தர்மாம்பாள் அம்மையார் பெயரில் மாநில அரசின் உதவித் திட்டமே இருக்கிறது. தாலிக்கு 8 கிராம் தங்கமும் பணமும் தருகிறார்கள். அரசாங்கமே கைகொடுக்கிற காரியத்தை எதற்காக ஒளிக்க வேண்டும்?

இன்னொன்று. பிள்ளையின் பணம் வருகிற வங்கிக் கணக்கில் காப்பாளராக அம்மா பெயர்தான் இருக்க வேண்டும். இந்து இளவர் மற்றும் காப்பாளர் சட்டம் 1956, மாற்றாந்தந்தையை இயற்கைக் காப்பாளராக ஏற்கவில்லை என்று பிரிவு 6-இல் வெளிப்படையாகச் சொல்கிறது. அதேபோல், மறுமணம் செய்ததால் அம்மாவின் காப்பாளர் உரிமை போகாது. "நீ வேற வீட்டுக்குப் போயிட்ட, பணம் எங்க கணக்குக்கு வரட்டும்" என்று இறந்தவரின் வீட்டார் சொன்னால் இந்தப் பிரிவைச் சொல்லுங்கள். சண்டையாகச் சொல்ல வேண்டாம். அவர்களும் மகனைப் பறிகொடுத்தவர்கள்.

தத்து என்ன செய்யும்

தத்துக்கு இரண்டு வழி. ஒன்று, இந்து தத்தெடுப்பு மற்றும் ஜீவனாம்சச் சட்டம் 1956. சார்பதிவாளர் அலுவலகத்தில் தத்துப் பத்திரம் பதிவு செய்யும் பழைய வழி. இன்னொன்று, இளைஞர் நீதிச் சட்டம் 2015. மத்திய தத்தெடுப்பு ஆணையத்தின் இணையதளத்தில் கணவன் மனைவி இருவரும் பதிவு செய்து, மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகு வழியாகக் கலெக்டரின் ஆணை வாங்கும் வழி. முன்பு நீதிமன்றம் தந்த ஆணையை 2022 செப்டம்பரிலிருந்து கலெக்டரே தருகிறார். விண்ணப்பம் போனபின் இரண்டு மாதத்துக்குள் முடிக்க வேண்டும் என்பது சட்டம்.

எந்த வழியில் போனாலும் விளைவு ஒன்றுதான். தத்து நடந்த நாளிலிருந்து பிள்ளை புதிய குடும்பத்தின் பிள்ளை. பிறந்த குடும்பத்தோடு இருந்த சட்ட உறவு அறுந்துவிடும். முதல் சட்டத்தில் பிரிவு 12, இரண்டாவதில் பிரிவு 63. இரண்டிலும் பிள்ளைக்குச் சாதகமான ஒரு விலக்கு இருக்கிறது. தத்துக்கு முன்பே பிள்ளைக்கு உரிமையாகிவிட்ட சொத்து, தத்துக்குப் பின்னும் அந்தப் பிள்ளையுடையதே. நான் சொல்ல வந்ததெல்லாம் இந்த ஒரு வரிக்குள் இருக்கிறது. தத்துக்கு முன் எது பிள்ளையின் கைக்கு வந்துவிட்டது, எது இனிமேல்தான் மாதாமாதம் வர வேண்டும் என்று இரண்டு கூடையாகப் பிரித்துப் போடுங்கள்.

முதல் கூடையில் என்னென்ன? அப்பா இறந்த அன்றே பிள்ளைக்குச் சேர்ந்துவிட்ட பங்குகள். வருங்கால வைப்பு நிதியில் இருந்த சேமிப்பு. அதோடு சேர்ந்த காப்பீட்டுத் தொகை, அதாவது இ.டி.எல்.ஐ., அதிகபட்சம் 7 லட்சம் ரூபாய். கிராஜுவிட்டி, அதாவது பணிக்கொடை. பணியில் இறந்தவருக்கு ஐந்து வருடச் சேவை முடிய வேண்டும் என்ற நிபந்தனை கிடையாது. அப்பா பெயரில் இருந்த நிலம், வீடு ஆகியவற்றில் பிள்ளையின் பாகம். இதில் அவருடைய அம்மாவுக்கும், அதாவது பிள்ளையின் அப்பத்தாவுக்கும் சம பங்கு உண்டு, மறக்க வேண்டாம். சாலை விபத்தில் இறந்திருந்தால் விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயம் பிள்ளை பெயரில் 18 வயது வரை போட்டு வைத்திருக்கும் டெபாசிட். அரசுப் பள்ளியிலோ அரசு உதவி பெறும் பள்ளியிலோ படிக்கும் பிள்ளையின் அப்பா விபத்தில் போயிருந்தால் மாநில அரசு போட்டு வைக்கிற 75,000 ரூபாய். இவையெல்லாம் தத்தால் போகாது.

போகாது என்று சட்டம் சொல்வது ஒன்று, வாங்கி முடிப்பது இன்னொன்று. வாங்காமல் கிடக்கும் பங்கைத் தத்துக்குப் பிறகு கேட்கப் போனால் சிக்கல் வரும். 1952ஆம் ஆண்டு வருங்கால வைப்பு நிதித் திட்டத்தில் 'குடும்பம்' என்பதற்கு விளக்கம் எழுதும்போது, உறுப்பினரின் பிள்ளையை வேறொருவர் சட்டப்படி தத்தெடுத்திருந்தால் அந்தப் பிள்ளை உறுப்பினரின் குடும்பத்தில் சேராது என்று தெளிவாக எழுதி வைத்திருக்கிறார்கள். 1972ஆம் ஆண்டு கிராஜுவிட்டிச் சட்டத்திலும் இதே வாசகம் இருந்தது. அப்பா இறந்த நாளில் பிள்ளை குடும்பத்தில் இருந்தது, ஆகவே உரிமை அன்றே பிறந்துவிட்டது என்று நீங்கள் வாதாடலாம், அது சரியான வாதமும்கூட. ஆனால் கவுண்டரில் உட்கார்ந்திருப்பவர் ஆதாரில் அப்பா பெயர் மாறியிருப்பதைப் பார்த்துக் கோப்பைத் திருப்பி அனுப்பினால், அந்த வாதத்தைச் சொல்ல வக்கீலைத் தேட வேண்டியிருக்கும். எதற்கு? தத்துக்கு முன்பே வாங்கிவிடுங்கள்.

இரண்டாவது கூடை மாதாமாதம் வருவது. இ.பி.எஸ். பிள்ளைப் பென்சன், அரசு ஊழியராக இருந்தால் குடும்ப ஓய்வூதியம், வேலையில் விபத்து நடந்து இறந்திருந்தால் இ.எஸ்.ஐ. தரும் சார்ந்தோர் உதவி. இ.எஸ்.ஐ. உதவி நல்ல தொகை. விதவைக்கு ஐந்தில் மூன்று பங்கு, ஒவ்வொரு பிள்ளைக்கும் ஐந்தில் இரண்டு பங்கு என்று கணக்கிட்டு, மொத்தம் முழு அளவைத் தாண்டாதபடி குறைத்துக் கொடுப்பார்கள். விதவையின் பங்கு மறுமணம் வரை, மகனுக்கு 25 வயது வரை, மகளுக்குத் திருமணம் வரை.

இந்த மாதப் பணம்தான் தத்தில் ஆட்டம் காணும். பென்சன் 'உறுப்பினரின் பிள்ளை' என்ற தகுதியைப் பார்த்துத் தருவது. தத்து அந்தத் தகுதியை வேறு வீட்டுக்கு மாற்றிவிடுகிறது. இனி வரப்போகும் மாதங்களின் பணத்தை ஏற்கனவே கைக்கு வந்துவிட்ட சொத்தாகக் காட்டுவது கடினம். ஆகவே என் கருத்து இது: பிள்ளைக்கு நல்ல தொகை மாதப் பென்சனாக வருகிறது என்றால், அது நிற்கலாம் என்று வைத்துக்கொண்டுதான் தத்தைப் பற்றி முடிவெடுக்க வேண்டும். நிற்காமல் தொடர்ந்தால் நல்லது. நம்பி இறங்கிய பிறகு நின்றால் பள்ளிக் கட்டணத்துக்கு எங்கே போவது?

எழுத்தில் கேட்டு எழுத்தில் பதில் வாங்குங்கள். பி.பி.ஓ. எண், பிள்ளையின் பெயர், பிறந்த தேதி, அம்மாவின் மறுமணத் தேதி எல்லாம் எழுதி, "இந்தப் பிள்ளையை மாற்றாந்தந்தை சட்டப்படி தத்தெடுத்தால் இந்தப் பென்சன் தொடருமா, எந்த விதியின்படி?" என்று ஒரே கேள்வியாகக் கேளுங்கள். 'எந்த விதியின்படி' என்பதை விட்டுவிடாதீர்கள். பதிவுத் தபாலில் அனுப்பி ஒப்புகை அட்டையைப் பத்திரப்படுத்துங்கள். பதில் வராவிட்டால் தகவல் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய் கட்டிக் கேட்கலாம். பி.எஃப். நிறுவனம் மாதந்தோறும் 27ஆம் தேதி மாவட்டந்தோறும் குறைகேட்பு முகாம் நடத்துகிறது. அங்கே நேரில் போய்க் கொடுத்து முத்திரை வாங்குவது இன்னும் நல்லது. வாய்வார்த்தையாக "தொடரும்மா, போங்க" என்று சொன்னதை நம்பிப் பத்திரம் எழுதக் கூடாது. சொன்னவர் அடுத்த மாதம் மாற்றலாகிப் போயிருப்பார்.

ரயில்வேக்காரர் குடும்பம் சேலத்தில் நிறைய. 2007இல் இங்கே ரயில்வே கோட்டம் வந்ததிலிருந்து இன்னும் கூடுதல். மத்திய அரசுக் குடும்ப ஓய்வூதியத்தில், பிள்ளை இருக்கும் விதவை மறுமணம் செய்தால் ஓய்வூதியம் பிள்ளைக்குப் போகும். 25 வயது, திருமணம், வரம்புக்கு மேல் சம்பாத்தியம், இதில் எது முதலில் வருகிறதோ அதுவரை. தொகை பெரியது, ஆகவே தத்துக்கு முன் கேட்க வேண்டிய அவசியமும் பெரியது. சூரமங்கலத்தில் ரயில்வே குடியிருப்பில் இருந்தவர்களுக்குத் தொழிற்சங்க அலுவலகத்தில் விவரம் தெரிந்த ஆட்கள் உண்டு. அவர்களிடம் போங்கள்.

ஏழ்மையைப் பார்த்துத் தரும் உதவிகள் தனி. ஆதரவற்ற விதவை உதவித்தொகை மறுமணத்தோடு நிற்கும். விதவைத் தாயின் பிள்ளைக்கு மிஷன் வாத்சல்யா என்ற குழந்தைகள் பாதுகாப்புத் திட்டத்தில் மாதம் வரும் 4,000 ரூபாய் நிதி ஆதரவும் வீட்டு வருமானத்தையும் நிலைமையையும் பார்த்துத் தருவது. நிலைமை மாறினால் பாதுகாப்பு அலகுக்குச் சொல்லிவிட வேண்டும்.

அமெரிக்காவில் சொந்தக்காரர் இருக்கும் வீடுகளில் ஒரு பேச்சு வரும்: "அங்கெல்லாம் தத்து எடுத்தாலும் பணம் நிற்காதாமே?" அங்கே அது உண்மை. சமூகப் பாதுகாப்புத் திட்டத்தில் அப்பா இறந்த பிறகு பிள்ளைக்கு 18 வயது வரை, உயர்நிலைப் பள்ளியில் இருந்தால் 19 வரை, அவருக்குரிய அடிப்படைத் தொகையில் 75 சதவீதம் வரை தருவார்கள். மாற்றாந்தந்தை தத்தெடுத்தாலும் அது நிற்பதில்லை. பிள்ளையைப் பார்த்துக்கொள்வதற்காக அம்மாவுக்கு வரும் பங்குதான் மறுமணத்தில் நிற்கும். அங்குள்ள சட்டத்தை வைத்து இங்கே பத்திரம் எழுதாதீர்கள். ஆனால் இறந்தவர் அங்கே வேலை பார்த்து வரி கட்டியவர் என்றால், அந்தப் பணத்துக்காகத் தத்தை ஒத்திப்போட வேண்டியதில்லை.

மலைமேல் இருப்பவர்களுக்கு

ஏற்காட்டுப் பக்கமிருந்து வருபவர்களுக்கு நான் முதலில் கேட்கும் கேள்வி, நீங்கள் மலையாளிப் பழங்குடியா என்பது. கேரளத்து மலையாளி அல்ல, இந்த மலையில் வாழும் பழங்குடி. சேர்வராயன் மலைக் கிராமங்களில் பெரும்பாலும் அவர்கள்தான். இந்து தத்தெடுப்புச் சட்டம், மத்திய அரசு தனியாக அறிவித்தால் தவிர, பட்டியல் பழங்குடியினருக்குப் பொருந்தாது. கீழே இருக்கும் பத்திர எழுத்தருக்கு இது தெரியாமல் போகலாம். வழக்கமான வாசகத்தில் ஒரு தத்துப் பத்திரம் எழுதிக் கொடுத்துவிடுவார். பின்னால் அது செல்லாது என்று யாராவது கேள்வி எழுப்பினால், பிள்ளை இரண்டு வீட்டிலும் உரிமை நிரூபிக்க முடியாமல் நிற்கும். எஸ்டேட் குடியிருப்புகளில் இருக்கும் கிறிஸ்தவக் குடும்பங்களுக்கும் அந்தச் சட்டம் பொருந்தாது. இந்த இரு சாராருக்கும் கலெக்டர் ஆணை வழிதான் சரி. அது எல்லா மதத்தினருக்கும் பொது.

இந்துக்களுக்கும் பத்திர வழியில் சில தடைகள் உண்டு. பிள்ளைக்கு 15 வயது முடிந்திருக்கக் கூடாது. ஆண் ஒருவர் பெண் குழந்தையைத் தத்தெடுக்க வேண்டுமானால் இருவருக்கும் 21 வயதாவது வித்தியாசம் வேண்டும். அவருக்கு முன்பே மகன் இருந்தால் இன்னொரு மகனைத் தத்தெடுக்க முடியாது, மகளுக்கும் அப்படியே. மனைவியை இழந்து, ஒரு மகனோடு இருப்பவரை மறுமணம் செய்துகொண்ட பெண்ணுக்கு மகன் இருந்தால் இந்த வழி அடைபட்டுவிட்டது. முப்பது வயதுக்காரருக்குப் பத்து வயது மகள் என்றாலும் அடைபட்டதுதான். கலெக்டர் ஆணை வழியில் மாற்றாந்தந்தைக்கு இந்த வயது நிபந்தனைகள் இல்லை. ஐந்து வயதுக்கு மேற்பட்ட பிள்ளையின் சம்மதத்தையும் கேட்பார்கள். அது எனக்கு ரொம்பப் பிடித்த விஷயம். பிள்ளையிடம் கேட்காமல் செய்யும் தத்து எதற்கு?

பெயருக்காக மட்டும் என்றால் தத்து வேண்டாம்

தத்து வேண்டும் என்று வருபவர்களிடம் துருவிக் கேட்டால் பாதிப் பேருக்கு உண்மையில் வேண்டியது இனிஷியல்தான். வகுப்பில் தம்பிக்கு ஒரு இனிஷியல், அக்காவுக்கு ஒரு இனிஷியல் என்றால் மற்ற பிள்ளைகள் கேட்பார்கள். அந்த வலி புரிகிறது. ஆனால் அதற்குத் தத்து தேவையில்லை. 2022 ஜூலையில் உச்ச நீதிமன்றம், ஆந்திரப் பக்கத்து வழக்கு ஒன்றில், தந்தை இறந்த பிறகு பிள்ளையின் ஒரே இயற்கைக் காப்பாளரான தாய்க்கு, பிள்ளையின் குடும்பப் பெயரைத் தீர்மானிக்கும் உரிமை உண்டு என்று தீர்ப்பளித்தது. ஆவணங்களில் புதுக் கணவரை 'மாற்றாந்தந்தை' என்றே எழுத வேண்டும் என்று உயர் நீதிமன்றம் இட்ட உத்தரவைக் கொடுமையானது என்றும் சொன்னது. அரசிதழில் பெயர் மாற்றம் வெளியிட்டு இனிஷியலை மாற்றலாம். அல்லது அம்மாவின் இனிஷியலையே வைக்கலாம்.

மாற்றினால் பென்சன் கோப்போடு முடிச்சு அவிழாமல் பார்த்துக்கொள்ளுங்கள். பி.பி.ஓ.வில் ஒரு பெயர், ஆதாரில் ஒரு பெயர், பாஸ்புக்கில் ஒரு பெயர் என்றிருந்தால் பணம் தேங்கும். அரசிதழ் நகலைப் பி.எஃப். அலுவலகம், வங்கி, பள்ளி மூன்றுக்கும் ஒரே வாரத்தில் கொடுத்துவிடுங்கள். பிறப்புச் சான்றிதழில் இறந்த அப்பாவின் பெயர் அப்படியே இருக்கட்டும். தத்தே நடந்து, புதுப் பெற்றோர் பெயரில் பிறப்புச் சான்றிதழ் மாறப்போகிறது என்றால், அதற்கு முன் பழைய சான்றிதழின் சான்றிட்ட நகல்களை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். அப்பா பங்கு நிலத்துக்கு நாளைக்கு அந்தப் பிள்ளை போய் நிற்கும்போது, இன்னாருடைய மகள் என்று காட்ட அது ஒன்றுதான் இருக்கும்.

சரி, தத்து எடுக்கவே கூடாது என்கிறேனா? இல்லை. மாற்றாந்தந்தையின் சொத்தில் பிள்ளைக்கு வாரிசு உரிமை தத்தால்தான் வரும். இந்து வாரிசுரிமைச் சட்டத்தில் கணவனின் வாரிசுப் பட்டியலில் மனைவியின் முதல் மணப் பிள்ளை கிடையாது. அவருக்கு பி.எஃப். இருந்தால் அந்த நாமினேஷனிலும் பிள்ளை பெயரை எழுத முடியாது. குடும்பம் இருக்கும்போது குடும்பத்துக்கு வெளியே எழுதும் நாமினேஷன் செல்லாது. அவர் பெரிய சொத்துக்காரர், நிரந்தர வேலைக்காரர், பிள்ளைக்கு இறந்த அப்பா வழியில் வருவது மாதம் 250 ரூபாய் என்றால் யோசிக்கவே வேண்டாம், தத்துதான் நல்லது.

கொண்டலாம்பட்டிப் பக்கம் ஒரு குடும்பத்தில் நிலைமை நேர்மாறு. இறந்தவர் ஆலைத் தொழிலாளி, விபத்தில் போனவர். பிள்ளைக்கு மாதப் பென்சனும் தீர்ப்பாய டெபாசிட்டும் இருக்கிறது. புதுக் கணவர் வெள்ளிக் கொலுசுப் பட்டறையில் கூலிக்கு வேலை செய்பவர், பி.எஃப். கிடையாது, சொந்த வீடும் கிடையாது. பாசத்தில் குறையே சொல்ல முடியாது. அவரிடம் இரண்டு பக்கமும் எழுதிக் காட்டினேன். தாளை நெடுநேரம் பார்த்துவிட்டு, "அவங்கப்பா விட்டுட்டுப் போனதை நான் கெடுக்கக் கூடாதுங்க" என்றார். இப்போது தத்து இல்லை. இனிஷியல் மட்டும் அம்மாவுடையது. அவர் தன் பங்குக்கு ஒரு உயில் எழுதிப் பதிவு செய்திருக்கிறார். சுயமாகச் சம்பாதித்ததை உயிலில் யாருக்கும் எழுதலாம். எல்.ஐ.சி. பாலிசியில் பிள்ளையை நாமினியாகப் போட்டு, பிள்ளை மேஜராகும்வரை அதன் சார்பில் பணம் வாங்குபவராக (அப்பாயின்டி) அம்மாவை எழுதியிருக்கிறார். அன்பு இருந்து, பத்திரத்துக்கு அவசரம் இல்லாத வீட்டில் இதுவே போதும் என்பது என் முடிவு.

பெரியவர்களிடம் ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள். சட்டப்படி, அப்பா இறந்திருந்தால் பிள்ளையைத் தத்துக் கொடுக்க அம்மாவின் சம்மதமே போதும். தாத்தா, அப்பத்தா கையெழுத்துத் தேவையில்லை. ஆனாலும் மகனின் பிள்ளை வேறு வீட்டுப் பிள்ளையாகிறது என்ற சேதியை அவர்கள் நோட்டீஸ் மூலம் தெரிந்துகொள்ளக் கூடாது. நிலப் பங்கு பிரிக்காமல் கிடந்தால், அதைப் பற்றிப் பேசவும் அதுதான் நல்ல சந்தர்ப்பம். மே மாதம் சேர்வராயன் கோயில் திருவிழாவுக்குப் பிள்ளையை அப்பத்தா வீட்டுக்கு அனுப்புவதைத் தத்துப் பத்திரம் தடுக்காது என்பதையும் வாய்விட்டுச் சொல்லுங்கள். அவர்கள் பயப்படுவது பெரும்பாலும் அதற்குத்தான்.

வரிசை இப்படி வைத்துக்கொள்ளுங்கள். இறப்புச் சான்றிதழ், இ-சேவை மையத்தில் விண்ணப்பித்துத் தாசில்தார் தரும் வாரிசுச் சான்றிதழ் இரண்டும் முதலில். அதை வைத்து பி.எஃப்., காப்பீடு, பென்சன் மூன்றுக்கும் இறப்பு நேர்வுக்கான கூட்டுப் படிவம். கிராஜுவிட்டிக்கு முதலாளியிடம் தனி விண்ணப்பம். பட்டாவில் பிள்ளையின் பெயர். பிறகு மறுமணப் பதிவு, பென்சனை 75 சதவீதத்துக்கு மாற்றுவது. தத்து பற்றிய கேள்விக் கடிதம் அதற்கப்புறம். பதில் கையில் வந்த பின்தான் பத்திர எழுத்தரையோ பாதுகாப்பு அலகையோ பார்க்கப் போக வேண்டும். தத்து முடிந்தால் ஆணையின் நகலைப் பென்சன் தரும் அலுவலகத்துக்கு நீங்களே அனுப்பிவிடுங்கள். அவர்கள் கண்டுபிடிக்கட்டும் என்று விட்டால் வாங்கிய மாதங்களுக்கெல்லாம் கணக்குக் கேட்பார்கள்.

பிள்ளைக்கு 18 முடிந்ததும் வங்கிக் கணக்கை அதன் சொந்தப் பெயருக்கு மாற்றிப் புதுக் கையெழுத்துக் கொடுக்க வேண்டும். இல்லாவிட்டால் வங்கி கணக்கை நிறுத்தி வைக்கும், பென்சன் திரும்பிப் போகும். இ.பி.எஸ். பிள்ளைப் பென்சன் 25 வரை உண்டு என்பதால், கல்லூரியில் சேரும் அந்த நேரத்தில்தான் அது அதிகம் தேவைப்படும். தீர்ப்பாய டெபாசிட்டும் அதே வயதில்தான் முதிரும். எடுக்கும்போது பிள்ளையையும் கூடவே அழைத்துப் போங்கள், இது யாருடைய உழைப்பில் வந்த பணம் என்று சொல்லிக் கொடுங்கள்.